செத்தவீட்டுக்குப் போன ஆறு விண்ணப்பதாரிகள்

என் பிரியமுள்ள எதிர்த்தரப்பு ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்று உன் தங்கை மெற்றில்டா போன் எடுத்து, ஆண்டுத் திருப்பலிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள். வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வருவதற்கு முன்னால் உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு பெரிய பிழையைத் திருத்த வேண்டும். ஊர் கேட்கச் சொன்ன பிழை அது. அதனால் ஊர் கேட்கத்தான் திருத்த வேண்டும் என்று இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் முன்னால் சண்டை பிடித்தே பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

முதலில் ஊர்ப் புதினங்கள். உன் பழைய கட்சிக்காரர் பலருக்காக இப்போது ஒரு இளம் சட்டத்தரணி ஆஜராகிறார். கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறார். எனக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. எதிர்த்தரப்பு என்றால் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளிக்க வேண்டும், "வந்திட்டாள், இனி மத்தியானச் சாப்பாடு இல்லை" என்று முணுமுணுக்க வேண்டும். அதை அவருக்கு யார் போய்ச் சொல்வது? எனக்கு முழங்கால் நோவு கூடியிருக்கிறது. கோபம் குறைந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். நீ நம்பாதே.

வாசிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நானும் நீயும் சட்டக் கல்லூரியில் ஒரே ஆண்டு. வெள்ளவத்தையில் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படித்தோம். நான் அக்கராயனில் வயல் செய்கிற வீட்டுப் பெண். நீ முல்லைத்தீவுக் கரையோரம், கடலுக்குப் போகிறவரின் மகள். இருவரும் வன்னிக்குத் திரும்பி வந்து தொழில் வழக்குகளையே எடுத்தோம். நான் வேலையாட்களுக்கு, நீ முதலாளிமாருக்கு.

அந்த விஷயத்தில் உன்னை நான் விட்டுவைக்கவில்லை. மீன்பிடிக்கிறவரின் பிள்ளை முதலாளிக்கு வக்காலத்து வாங்குவதா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். நீ ஒரே பதிலைத்தான் சொல்வாய். "முதலாளிக்குப் பக்கத்தில சட்டம் தெரிஞ்ச ஒருத்தி இருந்தால் அவர் அரைவாசிப் பிழை விடமாட்டார். நீ பிழை நடந்தாப் பிறகு வாறாய். நான் நடக்க முதல் நிக்கிறன்."

"ஓமோம், நல்லா நிக்கிறாய், குளிர் அறையில" என்று நான் நக்கலடிப்பேன். நீ சிரித்துக்கொண்டு வெளியே பார்ப்பாய்.

இது முழுக்க நடந்தது பஸ்ஸில்தான். தொழில் நியாயசபை கூடும் நாட்களில் நான் கிளிநொச்சியில் ஏறிப் பக்கத்து இருக்கையில் என் கோப்புப் பையை வைத்திருப்பேன். மாங்குளத்தில் நீ ஏறுவாய், பையை எடுப்பேன், சண்டை தொடங்கும். வவுனியாவில் இறங்கும்போது நமக்குப் பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் அரைகுறையாகத் தொழிற்சட்டம் தெரிந்திருக்கும்.

என் கட்சிக்காரர்களை உனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போன நேரத்தைக் கொப்பியில் எழுத வைக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் லீவு கிடைக்காத காவலாளி. கர்ப்பமானது தெரிந்த அன்றே பெயர் வெட்டப்பட்ட ஆசிரியை. ஒவ்வொருவரும் என் மேசைக்கு முன்னால் வந்து, "மிஸ், பிழை எங்களிலையும் இருக்கலாம்" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். அதைக் கேட்டால் எனக்கு உச்சிவரை ஏறும். இருபது வருடமாக அந்த ஏற்றத்தில்தான் வழக்குப் பேசுகிறேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்று இப்போது திரும்பிப் பார்த்தால் தோன்றுகிறது. இன்னொரு தொழில் கிடைத்தாலும் மாறமாட்டேன்.

சரி, மில் வழக்குக்கு வருகிறேன்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு அரிசி மில். அதில் அரிசியை நிறுத்துப் பொதிசெய்கிற இடத்தில் ஆறு பெண்கள். அவர்களில் யோகேஸ்வரிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, பொய்க்கால். நாள் முழுக்க நின்றால் காலின் நுனி புண்ணாகிவிடும். அதனால் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் குந்தியிருந்து வேலை செய்தாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இருந்தால் நித்திரை வரும் என்பது அந்த மில்லின் சட்டம். ஒருநாள் சுப்பவைசர் வந்து, அவள் எழும்பிய நேரம் பார்த்து வாளியைக் காலால் தட்டிவிட்டார். திரும்பி இருக்கப் போனவள் நிலத்தில் விழுந்தாள். அவர் சிரித்தாராம்.

மற்ற ஐந்து பேரும் ஒன்றும் கத்தவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம். கேட்டது ஒன்றே ஒன்று, இருந்து வேலை செய்ய ஆளுக்கொரு கதிரை. அடுத்த நாள் காலையில் கேற் பூட்டியிருந்தது. ஒழுங்கீனம், நம்பிக்கை இழப்பு, வேலைநீக்கம் என்று கையில் கடிதம் கொடுத்தார்கள்.

அவர்கள் என்னிடம் வந்தார்கள். முதலாளி உன்னிடம் வந்தார்.

முதல் தவணைக்கு மழையில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் என் ஆறு பேரும் வரவில்லை. நியாயசபைத் தலைவர் பொறுமையான மனிதர், ஆனாலும் எச்சரித்தார். அடுத்த முறையும் விண்ணப்பதாரிகள் வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவேன் என்றார். இதை ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். "வீடு எரிஞ்சாலும் வந்து சேருங்கோ" என்றேன். தலையாட்டினார்கள்.

அந்த நாள் வந்தது. நியாயசபை வாசலில் நின்று பார்க்கிறேன், ஒருத்தியையும் காணவில்லை. யோகேஸ்வரிக்குப் போன் எடுத்தேன்.

"எங்க நிக்கிறியள்?"

"மிஸ், நாங்கள் செத்தவீட்டில நிக்கிறம்."

"ஆற்ற செத்தவீடு?"

"முதலாளியின்ர அம்மா நேற்றுப் பின்னேரம் மோசம் போட்டா."

"வழக்கு ஆரோட? அந்தாளோட தானே!"

"ஓம் மிஸ், வழக்கு முதலாளியோட. அந்த மனுசியோட எங்களுக்கு என்ன கோவம்? கேள்விப்பட்டாப் பிறகு போகாமல் இருக்கேலுமே?"

"ஒருத்தியாவது வந்திருக்கலாமே இஞ்ச?"

"நல்ல காரியம் எண்டால் ஒருத்தி போய்த் தலைகாட்டலாம். செத்தவீட்டுக்கு அப்பிடியே? அடுப்பு எரியாத வீடு, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்க ஆக்கள் வேணும். நீங்கள் அங்க நிக்கிறியள்தானே மிஸ், நீங்கள் சொல்லுங்கோ."

நான் என்ன சொல்வேன்? வாசலில் நின்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சனம் விலகிப் போனது. என்ன ஏது என்று அவளை மேலும் கேட்கவில்லை, போனை வெட்டிவிட்டு உள்ளே போனேன். வழக்கு முடிந்தது, ஆறு பேரின் வேலையும் போனது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ஏற்கெனவே வந்து உன் இடத்தில் இருந்தாய். அன்று பஸ்ஸில் நீ ஏறவில்லை, முதலாளி வீட்டு வான் வண்டியில் நேரே வந்திருந்தாய். என் முகத்தை நீ பார்க்கவில்லை. வழக்கைக் கூப்பிட்டதும் தலைவர் கேட்டார், விண்ணப்பதாரிகள் எங்கே என்று. நான் எழும்புவதற்குள் நீ எழும்பிவிட்டாய்.

"கனம் தலைவர் அவர்களே, எனது கட்சிக்காரரின் தாயார் காலமாகிவிட்டார். அவர் இன்று வராததற்குக் காரணம் அது. விண்ணப்பதாரிகள் ஆறு பேரும் வராததற்கும் காரணம் அதுவே. அவர்கள் இப்போது எனது கட்சிக்காரரின் வீட்டில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலை நானே நேரில் கண்டேன். இதை வழக்கேட்டில் பதியும்படி வேண்டுகிறேன்."

மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் என்றால் நான் இங்கே யாரை விசாரிப்பது?" என்றார். வழக்கைத் தள்ளாமல் இன்னொரு தவணை கொடுத்தார்.

எனக்குத் தவணை கிடைத்தது கண்ணில் படவில்லை. சிரிப்புத்தான் காதில் விழுந்தது. என் ஆறு பெண்களையும் விவரம் கெட்டவர்கள் என்று காட்டி நீ சபையைச் சிரிக்க வைத்துவிட்டாய் என்றே நினைத்தேன். படியில் உன்னை மறித்தேன்.

"என்ர ஆக்களை வைச்சுப் பகிடி பண்ணுறாய், என்னடி?"

"பகிடி எண்டு நினைச்சியோ?" என்றாய். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாய்.

மூன்று மாதம் பஸ்ஸில் என் பை அந்த இருக்கையிலேயே இருந்தது. மாங்குளத்தில் நீ ஏறுவாய், பையைப் பார்ப்பாய், பின்னால் போய் நிற்பாய். ஒரு நாளும் "பையை எடு" என்று நீ சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

அடுத்த விசாரணைக்கு என் ஆறு பேரும் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறினார். நம்பிக்கை போய்விட்டது, இவர்களை இனி மில்லுக்குள் விட முடியாது என்று உறுதியாகச் சொன்னார். செத்தவீட்டில் நடந்த ஒரு விஷயத்தை யோகேஸ்வரி எனக்குச் சொல்லியிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணைக்கு எழும்பினேன்.

"உங்கள் தாயாரின் செத்தவீட்டுக்கு யோகேஸ்வரி வந்தாரா?"

"ஓம், வந்தவா."

"நின்றாரா, இருந்தாரா?"

"இருந்தவா."

"இருக்கச் சொன்னது யார்?"

"நான்தான். செத்தவீட்டுக்கு வந்தவையை இருங்கோ எண்டு சொல்லாமல் விடுறதே? கதிரை எடுத்துப் போட்டதும் நான்தான்."

"அதே யோகேஸ்வரி உங்கள் மில்லில் கேட்டது என்ன?"

அவர் கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நீ எழும்பிப் பத்து நிமிட இடைவேளை கேட்டாய். அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்தபோது இணக்கத்துக்கு வருவதாகச் சொன்னாய். ஆறு பேரும் அதே வேலைக்கு, இடையில் அறாத சேவையோடு, ஆளுக்கொரு சாய்வு வைத்த கதிரை, சுப்பவைசருக்கு வேறு பகுதி. நான் கேட்காததையும் நீயே எழுதிக்கொண்டு வந்திருந்தாய்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் பையை எடுத்தேன். "வெட்டி விழுத்தினனான், பார்த்தியோ?" என்று பெருமையடித்தேன்.

"ஓமடி, நீதான்" என்றாய்.

நான் அதை நம்பினேன், ஜெசிந்தா. எவ்வளவு காலம் நம்பினேன் தெரியுமா? வேறொரு வழக்குக்காக அந்த வழக்கேட்டின் பிரதி எடுத்து வாசிக்கும்வரை. நீ பதியச் சொன்ன வசனம் அதில் அப்படியே இருந்தது. அதை நீ சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நான் சொல்வது வெறும் சாட்டாகப் போய், விண்ணப்பம் அன்றே தள்ளுபடியாகியிருக்கும், உன் கட்சிக்காரர் வென்றிருப்பார். சொல்லிப் பதியவும் வைத்ததால், தாயின் செத்தவீட்டில் தேநீர் கொடுத்தவர்களில் நம்பிக்கை இல்லை என்று அவர் வாதாடிய வாதம் செத்துவிட்டது. என் கதிரைக் கேள்வி கடைசித் தட்டு மட்டும்தான்.

அப்போது நீ படுக்கையில். முல்லைத்தீவுக்கு வந்தேன். மெற்றில்டா உனக்கு மீன் அவித்து வைத்திருந்தாள், நீ பாதி எனக்குத் தள்ளினாய். தெரிந்துதான் சொன்னாயா என்று கேட்டேன்.

"அது எனக்கும் என்ர கட்சிக்காரருக்கும் இடையில இருக்கிற கதை. சட்டக் கல்லூரியில படிச்சது மறந்து போச்சோ?" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்தால் இருமல் வந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நானாகவே ஒரு விடையைச் செய்துகொண்டேன். உன்னைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்து, சட்டத்தரணிகள் சங்கத்தின் அஞ்சலிக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அழுதுகொண்டு அதைச் சொன்னேன். "எங்கட நட்புக்காக ஜெசிந்தா தன்ர வழக்கையே விட்டுக்கொடுத்தவள்." எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். உன்னைப் புகழ்ந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சட்டத்தரணியைப் பற்றி இதைவிடக் கேவலமாக எதைச் சொல்ல முடியும்? சிநேகிதிக்காகக் கட்சிக்காரரைக் காட்டிக்கொடுத்தவள் என்றல்லவா நான் சொல்லியிருக்கிறேன்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் அந்த மில் முதலாளி கிளிநொச்சியில் என் கந்தோருக்கு வந்தார். புதிதாக ஆட்களை எடுக்கிறாராம், நியமனக் கடிதங்களை ஒழுங்காக எழுதித் தர வேண்டுமாம். நான் முதலாளிமாருக்கு வேலை செய்வதில்லை என்றேன். சண்டை வந்தால் மற்றப் பக்கம்தான் நிற்பேன் என்றும் சொன்னேன்.

"அது தெரியும் மிஸ். அதுதான் சண்டை வர முதல் கேக்கிறன். ஜெசிந்தா மிஸ் இருந்தால் அவாவிட்டப் போயிருப்பன்."

உன் பெயரைச் சொன்னதும் எனக்கு வாய் நிற்கவில்லை. உங்களுக்கு அவள் ஒரு முறை துரோகம் செய்தவள் அல்லவா, இன்னும் இப்படி மதிக்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன கதை மிஸ் இது? அண்டைக்குக் காலமை வந்தவா. அம்மாவைப் பார்த்திட்டு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனவா. 'உங்கட ஆறு பேரும் இஞ்ச நிக்கினம். இண்டைக்கு அவைக்குக் கடைசித் தவணை. நான் பேசாமல் இருந்தால் நீங்கள் வெண்டிடுவியள். இஞ்ச நிக்கினம் எண்டு சொன்னால் நீங்கள் அநேகமாத் தோப்பியள். என்ன செய்யட்டும்?' எண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்ன மிஸ் சொல்லுறது? அம்மாவைக் குளிப்பாட்டக் கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டது யோகேஸ்வரி. ஒத்தக் காலை ஊண்டிக்கொண்டு அள்ளினவா. அதைப் பார்த்துக்கொண்டு நிண்டுதான், சொல்லுங்கோ எண்டன்."

"பிறகு ஏன் கூண்டில ஏறி நம்பிக்கை இல்லை எண்டு நிண்டனீங்கள்?"

அவர் தலையைச் சொறிந்தார். "துக்கம் ஆறினாப் பிறகு முதலாளிப் புத்தி திரும்பி வந்திட்டுது மிஸ்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் உன்னை நினைத்துக்கொண்டு நல்லாய்ச் சிரித்தோம். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகையில்லை. உன்னை முழுசாகத் திரும்பப் பெற்ற சந்தோஷத்தில் வந்தது.

நியமனக் கடிதங்களை எழுதிக் கொடுத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கும் சாட்டில் மில்லுக்கும் போனேன். யோகேஸ்வரி இப்போது பொதிசெய்யும் பகுதிக்குப் பொறுப்பு. என்னைக் கண்டும் எழும்பவில்லை, இருந்தபடியே "வாங்கோ மிஸ், இருங்கோ" என்றாள். அந்த ஒரு காட்சிக்காக இன்னும் இருபது வருடம் வழக்குப் பேசலாம். அன்று போனில் அவளிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்ப மிஸ் கத்தினனீங்கள்?" என்றாள். நான் எப்போதும் அப்படித்தான் கதைப்பேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள் போல.

இப்போது ஊர் கேட்கச் சொல்கிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் நான் சொன்னது பிழை. ஜெசிந்தா எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் கட்சிக்காரரிடம் கேட்டாள், அவர் சொல்லச் சொன்னார், அவள் சொன்னாள். அன்று தலையாட்டிய ஒவ்வொருவரும் இதை வாசிக்க வேண்டும்.

அந்தத் துக்க வீட்டிலும், பேசாமல் இருந்தாலே வெல்லக்கூடிய வழக்கிலும், உன் ஆளை மறித்து நீ கேட்டாய். நான் என் ஆறு பேரையும் கேட்கவில்லை, கத்தினேன். உன்னைக் கேட்கவில்லை, மூன்று மாதம் முகத்தைத் திருப்பினேன். நீ செத்த பிறகும் கேட்காமலேயே உன்னைப் புகழ்ந்தேன். படியில் நின்று "பகிடி எண்டு நினைச்சியோ" என்றாயே, அப்போது "இல்லாட்டி என்னடி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் அந்த மூன்று மாதமும் நீ பஸ்ஸில் நின்றிருக்கமாட்டாய்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவருக்காக எழும்பினாலும், எவரோடு சண்டைக்குப் போனாலும், முதலில் கேட்பேன். கேட்டுவிட்டுத்தான் கோபிப்பேன். கோபிக்கவே மாட்டேன் என்றும் எழுதலாம்தான். நீ நம்பமாட்டாய், ஜெசிந்தா.

உனக்கு எதிரே நின்றே வாழ்ந்துவிட்ட உன் சகோதரி,
கௌரி
கிளிநொச்சி